ஏப்ரல் வியாபாரம் ஏன் குறைந்தது? கடைக் கணக்கிலிருந்து கிளவுட் தரவுக் களஞ்சியம் வரை

2025 மே மாத ஆரம்பத்தில் ஒரு நாள் இரவு மச்சான் தொலைபேசியில் அழைத்தார். அவர் எனது ராத்தாவின் கணவர். குருநாகல் மாவட்டத்தில் சிறு நகரமொன்றில் புடவைக் கடை வைத்திருக்கிறார். வழமையாக சுகம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று நேரடியாகவே சொன்னார்: "மச்சான், கடையில ரெண்டு பொடியன்மாரையும் இந்த மாசத்தோட நிப்பாட்டுவோம்னு யோசிக்கிறேன்."

காரணம் கேட்டேன். ஏப்ரல் மாத விற்பனை முந்திய வருடத்து ஏப்ரலில் அரைவாசிக்கும் கீழே போய்விட்டதாம். "பெருநாள் இந்த முறை மார்ச்சோட முடிஞ்சது எனக்குத் தெரியும். ஆனா புத்தாண்டுக்கு உடுப்பு எடுக்க வர்ற சனம் எங்க?" என்றார். கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, உண்மையில் அவரைத் தூங்கவிடாமல் வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்: "2019ல மாதிரி திரும்பவும் நம்மட கடைகளுக்கு வராம விட்டுட்டாங்களோ?"

இந்தப் பயத்தை எமது வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பின்னர், மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் எமது கடைகளுக்கும் வீடுகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் என்ன நடந்தது என்பதும், அதன் பின்னர் முஸ்லிம் கடைகளில் பொருட்கள் வாங்காதீர்கள் என்று நடந்த பிரசாரமும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் ஒரு பயம் நியாயமானது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. மச்சானின் கேள்விக்கான பதில் வேறெங்கும் இல்லை, அவருடைய கடையிலேயே இருந்தது. 2018ஆம் ஆண்டிலிருந்து பில் போடும் கணனியில் ஒவ்வொரு விற்பனையும் பதிவாகியிருந்தது. அதை எடுத்துக் கேட்கும் வழிதான் அவரிடம் இருக்கவில்லை.

நான் தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை செய்கிறேன். கிளவுட் தரவுக் களஞ்சியம் எனப்படும் தளங்கள் எனக்கு அலுவலகத்தில் பழக்கமானவை. அவற்றை பெரிய கம்பனிகளின் சமாச்சாரம் என்றே நானும் நினைத்திருந்தேன். மச்சானின் கடைக் கணக்கு அந்த எண்ணத்தை மாற்றியது. எப்படித் தொடங்கினேன், எங்கே இடறினேன், என்ன கிடைத்தது என்பதை இங்கு எழுதுகிறேன்.

எக்செல் நின்ற இடம்

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பில் போடும் மென்பொருளிலிருந்து ஏழு வருட விற்பனையை எடுத்து எக்செலில் திறக்கப் பார்த்தேன். ஒரு பில்லில் மூன்று பொருட்கள் இருந்தால் அது மூன்று வரிகள். அப்படிச் சேர்ந்தது 12 இலட்சம் வரிகளுக்கு மேல். எக்செலின் ஒரு தாளில் 10 இலட்சத்து 48 ஆயிரத்து 576 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிச்சத்தை அது ஏற்காது.

இது சின்ன விஷயமல்ல. 2020 ஒக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் 15,841 கொரோனா தொற்றாளர்களை நாளாந்த எண்ணிக்கையில் சேர்க்கத் தவறியிருந்தது தெரியவந்தது. அவர்கள் பயன்படுத்திய பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் 65,536 வரிகள் மட்டுமே பிடிக்கும். மேலதிகமானவை சத்தமில்லாமல் விடுபட்டன. அந்தத் தொற்றாளர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது.

வருடத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் எமது கேள்வியோ ஏழு வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டிய கேள்வி.

களஞ்சியம் என்பது என்ன?

கடையில் பில் போடும் இடம் ஒன்று, பின்னால் களஞ்சியசாலை ஒன்று. பில் போடுமிடத்தில் வேகம் முக்கியம். வாடிக்கையாளர் காத்திருக்கிறார், ஒரு பில்லை எழுதி முடித்து அடுத்தவரைப் பார்க்க வேண்டும். ஏழு வருடத்தில் என்ன விற்றோம் என்று அங்கே நின்று எண்ண முடியாது. எண்ணத் தொடங்கினால் வியாபாரம் நின்றுவிடும். தரவுகளுக்கும் இதே நிலைதான். அன்றாடக் கொடுக்கல் வாங்கலைப் பதியும் தரவுத்தளம் வேறு. பழைய பதிவுகளையெல்லாம் ஒரே ஒழுங்கில் கொண்டுவந்து சேர்த்து, ஆறுதலாகக் கேள்வி கேட்பதற்காக வைத்திருக்கும் தரவுக் களஞ்சியம் வேறு. பில் இன்மன் என்ற அமெரிக்கர் 1992இல் இதைப் பற்றி எழுதிய நூலுக்குப் பின்னர்தான் இந்தக் கருத்து பரவலானது.

இன்னொரு வித்தியாசம் உள்ளே இருக்கிறது. சாதாரண தரவுத்தளம் நிரை நிரையாகச் சேமிக்கும். ஒரு பில்லின் திகதி, பொருள், விலை, அளவு எல்லாம் ஒன்றாக இருக்கும். இன்றைய தரவுக் களஞ்சியங்கள் நிரல் நிரலாகச் சேமிக்கின்றன. திகதிகள் எல்லாம் ஒரு பக்கம், விலைகள் எல்லாம் ஒரு பக்கம். சீ.ஆர். கொப்பியில் மொத்தத் தொகையைக் கூட்டும்போது நாம் கடைசி நிரலை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டு இறங்குவோமல்லவா? முழு வரியையும் வாசிப்பதில்லை. அதே வேலைதான். இதனால்தான் கோடிக்கணக்கான வரிகளிலும் பதில் சில செக்கன்களில் வந்துவிடுகிறது.

முன்னர் இதற்கு விலையுயர்ந்த இயந்திரங்களை வாங்கி, அவற்றைப் பராமரிக்க ஆட்களையும் வைக்க வேண்டும். கூகுளின் பிக்குவெரி 2010இல் அறிமுகமானது. அமேசனின் ரெட்ஷிப்ட் 2012இல் அறிவிக்கப்பட்டது. அதே 2012இல்தான் ஸ்னோபிளேக் நிறுவனமும் தொடங்கியது. இவை வந்த பின்னர் இயந்திரத்தை வாங்கத் தேவையில்லை. வாடகைக்கு வாகனம் பிடிப்பது போல, ஓடிய அளவுக்குக் காசு கொடுத்தால் போதும். சேமித்து வைப்பதற்கு ஒரு கட்டணம், கணக்குப் பார்ப்பதற்கு இன்னொரு கட்டணம் என்று இரண்டும் பிரிக்கப்பட்டதுதான் சிறியவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது.

கடனட்டை இல்லாமல் ஒரு தொடக்கம்

நான் தெரிவு செய்தது பிக்குவெரி. அது மற்றவற்றைவிடச் சிறந்தது என்பதற்காக அல்ல, தொடங்குவதற்குக் கடனட்டை கேட்பதில்லை என்பதற்காக. ஸ்னோபிளேக் 30 நாள் இலவசப் பரீட்சார்த்தக் காலம் தருகிறது. அதன் பின்னர் காசு கட்ட வேண்டும். பிக்குவெரியில் சாண்ட்பொக்ஸ் என்றொரு வசதி உண்டு. கூகுள் கணக்கு ஒன்று இருந்தால் போதும். மாதம் 10 கிகாபைட் சேமிப்பும், ஒரு டெராபைட் அளவு தரவை வாசிக்கும் வினவல்களும் இலவசம். மச்சானின் ஏழு வருட வியாபாரம் முழுவதும் 100 மெகாபைட்டுக்குள் அடங்கிவிட்டது.

படிகள் அதிகமில்லை. கூகுள் கிளவுட் தளத்துக்குச் சென்று புதிய புரொஜெக்ட் ஒன்றை உருவாக்க வேண்டும். அதற்குள் டேட்டாசெட் ஒன்று. அதை ஒரு அலுமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அலுமாரிக்குள் அட்டவணைகள் இருக்கும். டேட்டாசெட்டை உருவாக்கும்போது அது எந்த நாட்டுத் தரவு மையத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கும். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. மும்பாய், சிங்கப்பூர் இரண்டும் எமக்கு அருகில் உள்ளவை. ஒரு தடவை தெரிவு செய்தால் பின்னர் மாற்ற முடியாது. வெவ்வேறு இடங்களில் உள்ள அட்டவணைகளை ஒரே வினவலில் சேர்ப்பதும் இலகுவல்ல. ஆகவே எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சிங்கப்பூரைத் தெரிவு செய்தேன்.

சாண்ட்பொக்ஸுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதில் ஏற்றப்படும் அட்டவணைகள் 60 நாட்களில் தாமாகவே நீங்கிவிடும். அதுபோக, ஏற்றிய வரிகளில் ஒன்றை மட்டும் திருத்துவதோ அழிப்பதோ முடியாது. பிழை இருந்தால் மூலக் கோப்பைத் திருத்தி மீண்டும் ஏற்ற வேண்டும். எனவே மூலக் கோப்புகளை வீட்டுக் கணனியிலும் ஒரு பென் டிரைவிலும் பத்திரமாக வைத்துக்கொள்வது அவசியம்.

ஏற்றுவதற்கு முன்னர் நீக்கியவை

மச்சான் மகனிடம் கொடுத்து எனக்கு அனுப்பிய கோப்புகளைத் திறந்தபோது ஒரு கணம் கையை எடுத்துவிட்டேன். விற்பனையோடு சேர்த்து வாடிக்கையாளர் பெயர்கள், தொலைபேசி இலக்கங்கள், கடன் நிலுவைகள் எல்லாம் இருந்தன. எங்கள் ஊர்ப் பெயர்கள் பல. எனக்கு நன்கு தெரிந்த குடும்பங்களும் இருந்தன. யார் எவ்வளவு தர வேண்டும், எத்தனை மாதமாகத் தரவில்லை என்பதெல்லாம் என் திரையில் கிடந்தது.

பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பெடுக்கக் கையில் காசில்லாத ஒரு தாய், மச்சானை நம்பிக் கடன் கொப்பியில் பெயரை எழுதவிட்டாள். அந்தக் கொப்பி கடை லாச்சிக்குள் இருக்கும் என்றுதான் அவள் நம்பினாள். அது சிங்கப்பூரில் உள்ள ஒரு தரவு மையத்துக்குப் போகும் என்றோ, மச்சினன் ஒருவன் அதை வாசிப்பான் என்றோ அல்ல. அந்த வாசிப்பு என் தவறுதான். கோப்பை அனுப்பச் சொல்லும்போதே எந்த நிரல்கள் வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டமும் இதையே சொல்கிறது. ஒரு தேவைக்காகப் பெற்ற தகவலை அந்தத் தேவைக்கே பயன்படுத்த வேண்டும், தேவையானதைவிட அதிகமாக எடுக்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள், இது அமானிதம் என்பது எமக்குத் தெரியாததா?

எமது கேள்விக்கு யார் வாங்கினார் என்பது தேவையே இல்லை. எப்போது, எத்தனை பில், எத்தனை பொருள், எவ்வளவு விலை என்பது போதும். பெயர், தொலைபேசி, கடன் ஆகிய நிரல்களை நீக்கினேன். பின்னர்தான் ஏற்றினேன். வாசகர்கள் இந்தக் கட்டுரையிலிருந்து ஒரேயொரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் கேள்வியை எழுதுங்கள், பின்னர் அந்தக் கேள்விக்குத் தேவையான தரவை மட்டும் எடுங்கள். பள்ளிவாசல் மஹல்லாப் பதிவு, ஸகாத் பட்டியல், பாடசாலை மாணவர் விபரம் என்று எதைக் கையாள்பவருக்கும் இது பொருந்தும்.

ஏற்றும்போது இடறியவை

கோப்பை சீ.எஸ்.வி. வடிவில் சேமித்து, தளத்தில் அட்டவணை உருவாக்கும் பொத்தானை அழுத்தி ஏற்றலாம். கணனியிலிருந்து நேரடியாக ஏற்றும் கோப்பு 100 மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். நான் வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்து ஏற்றினேன்.

நிரல்களின் வகையைத் தானே கண்டுபிடிக்கும் வசதி உண்டு. அதை முழுமையாக நம்பக் கூடாது. பூச்சியத்தில் தொடங்கும் பொருள் இலக்கங்களை அது எண் என்று எடுத்துக்கொண்டு முன்னாலிருக்கும் பூச்சியத்தை விட்டுவிட்டது. 0145 என்ற சாரம் 145 என்ற சேர்ட்டோடு கலந்துவிட்டது. கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத இலக்கங்களை எழுத்து வகை என்று நாமே குறிப்பிட வேண்டும்.

திகதி அடுத்த சிக்கல். 03/04/2023 என்பது எமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. ஏப்ரலைப் பற்றிய கேள்வியில் இந்தப் பிழை நேர்ந்தால் என்னவாகும்? ஏற்றுவதற்கு முன்னரே எல்லாத் திகதிகளையும் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்குக்கு மாற்றினேன்.

மூன்றாவது, எமக்கே உரிய சிக்கல். 2021 வரைக்கும் பொருட்களின் பெயர்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகியிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அவை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். யுனிகோட்டுக்கு மாற்றிய பின்னர், யூ.டி.எப். 8 என்ற வடிவில் சேமித்த பின்னரே "சிறுவர் உடுப்பு" என்ற சொல்லை என்னால் தேட முடிந்தது. பழைய தமிழ்க் கோப்புகள் வைத்திருக்கும் நிறுவனங்கள் அனைத்தும் இந்த வேலையை ஒருநாள் செய்தே ஆக வேண்டும்.

முதல் வினவலும் முதல் பிழையும்

தரவுக் களஞ்சியத்தோடு பேசும் மொழி எஸ்.கியூ.எல். பயப்படத் தேவையில்லை. தொடக்கத்துக்கு நான்கு சொற்கள் போதும். செலெக்ட் என்றால் எந்த நிரல்கள் வேண்டும், ப்ரொம் என்றால் எந்த அட்டவணையிலிருந்து, வெயார் என்றால் எந்த நிபந்தனையோடு, குரூப் பை என்றால் எதன்படி தொகுக்க வேண்டும். மச்சானின் கேள்வியை அந்த மொழியில் சொன்னால் இப்படி வரும்: விற்பனை அட்டவணையிலிருந்து, ஏப்ரல் 1 முதல் 13 வரையான நாட்களை மட்டும் பார்த்து, எத்தனை பில்கள் என்று எண்ணி, ஆண்டுவாரியாகத் தா.

பதில் இரண்டு செக்கன்களில் வந்தது. பிழையாக வந்தது. நான் எண்ணியது பில்களை அல்ல, வரிகளை. மூன்று பொருள் வாங்கியவரை மூன்று பேராக எண்ணியிருந்தேன். ஒரே பில் இலக்கத்தை ஒரு தடவை மட்டும் எண்ணும்படி திருத்தினேன். அதுவும் பிழைத்தது. 2021இல் மென்பொருளை மாற்றியபோது பில் இலக்கங்கள் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தன. திகதியையும் பில் இலக்கத்தையும் சேர்த்து எண்ணியபோதுதான் சரியானது. பின்னர் மாற்றிக் கொடுத்த உடுப்புகள் கழித்தல் அடையாளத்தோடு கிடந்தன. அவற்றையும் பிரிக்க வேண்டியிருந்தது.

கணனி பதில் தந்தால் அது சரி என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நான் நம்பிக்கை கொண்டது எப்போது தெரியுமா? ஒரு நாளைத் தெரிவு செய்து, அந்த நாளின் பில் கட்டை மச்சான் கையால் எண்ணி, என் எண்ணிக்கையோடு ஒத்துப்போன பின்னர்தான்.

நோன்பு நகரும், புத்தாண்டு நகராது

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருவோம். ஆங்கில மாதத்தின்படி வருடங்களை ஒப்பிடுவது எமது கடைகளுக்குப் பொருந்தாது. ஹிஜ்ரி வருடம் சுமார் 11 நாட்கள் குறைவானது. நோன்புப் பெருநாள் 2022இல் மே முதல் வாரத்தில் வந்தது. 2023இலும் 2024இலும் ஏப்ரலில். 2025இல் மார்ச் 31. சிங்கள, தமிழ்ப் புத்தாண்டோ எப்போதும் ஏப்ரல் நடுப்பகுதியில்.

அதாவது 2022, 2023, 2024 ஆகிய மூன்று வருடங்களும் ஏப்ரலில் இரண்டு கூட்டம் ஒன்றாகக் கடைக்குள் வந்தது. நோன்புக் கூட்டம் எது, புத்தாண்டுக் கூட்டம் எது என்று அந்தக் கணக்கில் பிரிக்கவே முடியாது. 2025இல் முதல் தடவையாக இரண்டும் பிரிந்தன. மச்சான் 2025 ஏப்ரலை 2024 ஏப்ரலோடு வைத்துப் பார்த்தார். பெருநாள் மார்ச்சில் போனது அவருக்குத் தெரியும். ஆனால் பழைய ஏப்ரல்களில் எவ்வளவு பெருநாளுக்குரியது என்பது அவருக்கு மட்டுமல்ல, எவருக்கும் தெரியாது.

அப்படியானால் 2025 புத்தாண்டை எதனோடு ஒப்பிடுவது? நோன்பு கலக்காத வருடம் வேண்டும். 2021இல் நோன்பு புத்தாண்டோடு ஒட்டித் தொடங்கியது. எனவே அதற்கு முந்திய இரண்டு வாரங்கள் ஓரளவு சரிவரும். 2020 ஏப்ரலில் ஊரடங்கு, கடை பூட்டு. அதற்கு முன்னர் 2019. நோன்பு மே மாதத்தில். ஏப்ரல் 1 முதல் 13 வரையான நாட்கள் தாக்குதலுக்கு முந்தியவை. ஆறு வருடம் பின்னால் போனால்தான் நியாயமான ஒப்பீடு கிடைக்கிறது. பழைய தரவைச் சேர்த்து வைப்பதன் பெறுமதி எனக்கு அன்றுதான் உறைத்தது.

இதற்காக நாட்காட்டி அட்டவணை ஒன்றைச் செய்தேன். தரவுக் களஞ்சியத் துறையில் ரால்ப் கிம்பல் போன்றவர்கள் நெடுங்காலமாக வலியுறுத்தும் முறை இது. ஒரு நாளுக்கு ஒரு வரி. ஆங்கிலத் திகதி, ஹிஜ்ரி மாதம், பெருநாளைக்கு எத்தனை நாள் முன்னர், புத்தாண்டுக்கு எத்தனை நாள் முன்னர், கடை திறந்திருந்ததா என்பன நிரல்கள். இணையத்தில் கிடைக்கும் ஹிஜ்ரி நாட்காட்டியை அப்படியே எடுக்க முடியாது. எமது நாட்டில் பிறை பார்த்து கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் அறிவிக்கும் திகதி, கணக்கிட்ட திகதியோடு ஒரு நாள் வித்தியாசப்படலாம். பெருநாளைக்கு முந்திய இரவு வியாபாரம் ஒரு வார வியாபாரத்துக்குச் சமம் என்பதால், அந்த ஒரு நாள் பிழைத்தால் கணக்கே பிழைத்துவிடும். பழைய கலண்டர்களையும் வட்ஸ்அப் அறிவித்தல்களையும் பார்த்து ராத்தாதான் அந்தத் திகதிகளைச் சரிபார்த்துத் தந்தார்.

மச்சானுக்குக் கிடைத்த பதில்

நாட்காட்டி அட்டவணையை விற்பனை அட்டவணையோடு இணைத்து மீண்டும் கேட்டேன். ரூபாவில் பார்த்தால் 2025 புத்தாண்டு வியாபாரம் 2019ஐ விட மிக அதிகம். ஆனால் அது பொய்யான சந்தோஷம். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 69.8 சதவீதத்தை எட்டிய நாடு இது. ரூபா ஏறியதை வியாபாரம் ஏறியதாக எடுத்துக்கொள்ள முடியாது. பில்களையும் பொருட்களையும்தான் எண்ண வேண்டும்.

எண்ணினோம். 2025 புத்தாண்டுக் காலத்தின் பில் எண்ணிக்கை 2021ஐ விட அதிகம், 2019ஐ விடச் சற்றே குறைவு. ஆனால் ஒரு பில்லுக்கு எத்தனை பொருள் என்று பார்த்தபோது 2019இலிருந்து தெளிவான வீழ்ச்சி. முன்னர் வீட்டில் எல்லோருக்கும் எடுத்தவர்கள் இப்போது பிள்ளைகளுக்கு மட்டும் எடுக்கிறார்கள். ஆட்கள் கடையை விட்டுப் போகவில்லை. ஆட்கள் வருகிறார்கள், கையில் காசுதான் குறைவு.

நான் சொன்னதைக் கேட்டு மச்சான் நீண்ட நேரம் பேசவில்லை. பின்னர், "அப்ப அவங்க வந்திருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

இதை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. பில்லில் வாங்கியவரின் இனம் இல்லை, இருக்கவும் கூடாது. புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் வருபவர்கள் பெரும்பாலும் யார் என்பது அனுபவத்தால் நாம் செய்யும் ஊகமே. ஒரு கடையின் கணக்கு முழு நாட்டின் நிலையையும் சொல்லாது. ஆனால் ஒரு பயத்தை வைத்து இரண்டு இளைஞர்களை வீட்டுக்கு அனுப்புவதற்கும், எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த இரண்டு பொடியன்மாரும் இன்றும் கடையில் இருக்கிறார்கள். அடுத்த புத்தாண்டுக்கு விலையுயர்ந்த சேலைகளைக் குறைத்து சிறுவர் உடுப்புகளைக் கூட்டுவதென்று மச்சான் முடிவெடுத்தார்.

செலவைப் பற்றி

இந்த வேலை முழுவதற்கும் ஒரு சதம் செலவாகவில்லை. ஆனால் கிளவுட் தளங்களில் கவனமில்லாதவர்களுக்குப் பெரிய பில் வரலாம் என்பதும் உண்மை. பிக்குவெரி கட்டணம் எடுப்பது பதிலின் அளவுக்கு அல்ல, பதிலுக்காக வாசித்த தரவின் அளவுக்கு. இலவச அளவைத் தாண்டினால் அமெரிக்கப் பிராந்தியங்களில் ஒரு டெராபைட்டுக்கு 6.25 டொலர். இடத்துக்கிடம் இது மாறும்.

புதியவர்கள் செய்யும் பிழை, எல்லா நிரல்களையும் காட்டு என்று நட்சத்திரக் குறியைப் போட்டுவிடுவது. அப்போது முழு அட்டவணையும் வாசிக்கப்படும். லிமிட் 10 என்று போட்டு பத்து வரி மட்டும் கேட்டாலும் சாதாரண அட்டவணையில் வாசிக்கும் அளவு குறையாது. அட்டவணை எப்படி இருக்கிறதென்று பார்ப்பதற்கு ப்ரிவியூ என்ற இலவசப் பகுதி உண்டு. வினவலை ஓட்டுவதற்கு முன்னரே எவ்வளவு வாசிக்கும் என்று திரையில் காட்டும். அதைப் பார்த்துவிட்டே ஓட்டும் பழக்கம் வேண்டும். மச்சானின் கேள்விக்கு வாசித்தது சுமார் 20 மெகாபைட். அந்தக் கணக்கில் மாதம் நாற்பதாயிரம் தடவைக்கு மேல் இலவசமாகக் கேட்கலாம்.

சாண்ட்பொக்ஸில் கட்டணக் கணக்கே இணைக்கப்படாததால் இலவச அளவு முடிந்தால் வினவல் நின்றுவிடும், பில் வராது. பழகும் வரை அங்கேயே இருங்கள். பின்னர் கடனட்டையை இணைப்பதாக இருந்தால், நாளாந்த வாசிப்பு அளவுக்கு ஓர் உச்ச வரம்பைப் போட்டுவிட்டு இணையுங்கள்.

யாருக்கு இது தேவை?

எல்லோருக்கும் தேவையில்லை. வருடத்துக்குச் சில ஆயிரம் வரிகள் கொண்ட கணக்குக்கு எக்செல் தாராளமாகப் போதும். பல வருடப் பதிவுகள், பல கிளைகள், அல்லது ஒன்றோடொன்று பேசாத இரண்டு மூன்று மென்பொருட்கள் வைத்திருப்பவர்களுக்கே களஞ்சியம் பயன் தரும்.

உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு தொழில் வாசல். பிக்குவெரியில் எவரும் வாசிக்கக்கூடிய பொதுத் தரவுத் தொகுப்புகள் பல உண்டு. அவற்றில் சில மிகப் பெரியவை என்பதால் அளவைப் பார்த்துக் கேட்க வேண்டும். மடிக்கணனி ஒன்றும் இணைய இணைப்பும் இருந்தால் எஸ்.கியூ.எல். பழகலாம். மச்சானின் மகன் இப்போது அதைத்தான் செய்கிறான். கடைக் கணக்கை 60 நாட்களுக்கு ஒரு தடவை மீண்டும் ஏற்றுவது அவனுடைய பொறுப்பு. வாப்பாவிடம் கோப்பை வாங்கியதும் அவன் முதலில் செய்வது பெயர் நிரலை நீக்குவது.

எமது சமூகம் பல தலைமுறைகளாக வியாபாரம் செய்கிறது. கணக்கு எழுதுவதில் நாம் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் எழுதிய கணக்கைத் திரும்ப வாசிக்கும் பழக்கம் குறைவு. கடந்த சில வருடங்களாக எம்மைப் பற்றி வதந்திகள் பரவியபோது, எம்மிடம் இருந்த பதிலும் பெரும்பாலும் பயமும் ஊகமுமாகவே இருந்தது. உங்கள் கடையிலோ நிறுவனத்திலோ பழைய பதிவுகள் எங்கே கிடக்கின்றன என்று இந்த வாரம் பாருங்கள். அதற்கு முன்னர் ஒரு தாளை எடுத்து, உங்களைத் தூங்கவிடாத ஒரு கேள்வியை அதில் எழுதுங்கள்.